வெள்ளிக்கிழமைப் பட்டியல்: மூடுல் பதிவுகளை வைத்து நாங்கள் செய்வதும் செய்யாததும்

பாடம், க்விஸ், அசைன்மெண்ட் எல்லாவற்றையும் ஏற்றி நடத்தும் இணையத் தளமான மூடுலில் அட்மின் கணக்கில் நுழைந்து ரிப்போர்ட்ஸ் பக்கத்தை முதல்முறை திறக்கிறவருக்கு ஒரு மயக்கம் வரும். யார், எந்த நிமிடத்தில், எந்தப் பக்கத்தைத் திறந்தார், பிரவுசரிலா ஆப்பிலா, எந்த ஐபி முகவரியிலிருந்து என்று ஒவ்வொரு கிளிக்கும் ஒரு வரியாக அங்கே கிடக்கும். இவ்வளவு இருந்தால் பிள்ளைகளைப் பற்றி எல்லாமே தெரிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஈரோடு பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் பாடம் எடுக்கிறேன். 2020 ஊரடங்கில் மூடுலைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து இந்தப் பதிவுகளோடு பழகியதில் நான் வந்து சேர்ந்த முடிவு இது: மாணவரை எடைபோட இது சுமாரான கருவி. யாருக்குப் போன் போடவேண்டும் என்று தெரிந்துகொள்ளப் போதுமான கருவி. நம் பாடத்தையும் நாம் வைக்கும் தேர்வையும் சோதித்துப் பார்க்க அருமையான கருவி. ஆனால் பெரும்பாலான கல்லூரிகள் முதல் வேலைக்குத்தான் இதை எடுக்கின்றன.

லாக், அதாவது இந்தப் பதிவு, எதைச் சொல்லாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது படித்த நேரத்தை அளக்காது. ஒருவர் பிடிஎஃப்பைத் திறந்தது தெரியும். திறந்தபின் படித்தாரா, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாரா, தெரியாது. திறக்காதவர் படிக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. எங்கள் வகுப்பில் நோட்ஸ் ஏற்றிய சற்று நேரத்தில் சி.ஆர். (வகுப்புப் பிரதிநிதி) அதை இறக்கி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். லாகில் ஒரே ஒரு டவுன்லோடு இருக்கும், படித்தது வகுப்பு முழுக்க. மூடுல் பக்கமே எட்டிப்பார்க்காத ஒரு மாணவி முதல் இன்டர்னல் தேர்வில் வகுப்பிலேயே மேலே நின்றாள். கேட்டால், "மேம், குரூப்ல வர்றதைக் கடைல பிரிண்ட் போட்டுப் படிச்சுடுவேன். வீட்ல ஒரே போன்தான், அது அண்ணன்கிட்ட இருக்கும்" என்றாள்.

பாடத்தை முடித்துவிட்டதாக மாணவரே டிக் போட்டுக்கொள்ளும் வசதி ஒன்று மூடுலில் உண்டு. தேர்வுக்கு முந்தைய நாள் பாருங்கள், ஒரே நிமிடத்தில் ஒரு யூனிட் முழுக்க வரிசையாக டிக் விழும். அந்த வசதியை நான் நிறுத்திவிட்டேன். க்விஸ் எழுதி மதிப்பெண் வந்தால்தான் முடிந்ததாகக் கணக்கு என்று செட்டிங்கில் மாற்றலாம். அதுதான் நம்பத் தகுந்தது.

இரவு லாகின் ஒரு தனிக் கதை. நள்ளிரவு தாண்டி வரும் லாகின்களைப் பார்த்து மூத்த பேராசிரியர் ஒருவர், "ராத்திரி முழுக்க முழிச்சிருந்து கெட்டுப்போறானுங்க" என்று வருத்தப்பட்டார். பிள்ளைகளில் பெரும்பாலோர் ப்ரீபெய்டு பேக்கில் இருக்கிறவர்கள். ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்பதுதான் கணக்கு. அது இரவு 12 மணிக்குப் புதிதாகும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசே கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. நாங்களோ எல்லாரையும் போல அசைன்மெண்டுக்கு இரவு 11:59 என்று கெடு வைத்திருந்தோம். பகலில் ஆன்லைன் வகுப்பிலேயே டேட்டா தீர்ந்தவனுக்கு அந்தக் கெடு ஒரே நிமிடத்தில் தவறிப்போகும். கெடுவை மறுநாள் காலை 9 மணிக்குத் தள்ளினோம். 12 மணிக்கும் 1 மணிக்கும் நடுவே சமர்ப்பிப்புகள் வந்து குவிந்தன, தாமதம் என்று சிவப்பில் விழும் பெயர்கள் கண்கூடாகக் குறைந்தன. பதிவைப் பார்த்து நாங்கள் எடுத்த முடிவுகளில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தந்தது வேறொன்றும் இல்லை. ஒரு ரூபாய் செலவில்லை.

ஒரு செமஸ்டரில், இணையப் பாடத்தில் மாணவர் ஈடுபாட்டுக்கு என்று இன்டர்னலில் சில மதிப்பெண் ஒதுக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. அளவுகோல், லாகின் எண்ணிக்கை. அடுத்த வாரமே எண்ணிக்கை எகிறியது. க்விஸ் மதிப்பெண் இருந்த இடத்திலேயே இருந்தது. ஹாஸ்டலில் ஒருவன் நண்பர்களின் பாஸ்வேர்டை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் எல்லாருக்கும் லாகின் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஹாஸ்டல் வைஃபையில் எல்லாருக்கும் ஒரே ஐபி முகவரிதான் வரும், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தினமும் அதே பெயர்கள், அதே வரிசையில், சில வினாடி இடைவெளியில் வந்ததில்தான் தெரிந்தது. பையனைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. நாம் எதற்கு மதிப்பெண் கொடுத்தோமோ அதைத்தான் அவன் கச்சிதமாகச் செய்திருந்தான். அடுத்த செமஸ்டரில் அந்த மதிப்பெண் போய்விட்டது.

இந்தக் குழப்பம் பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007 வாக்கில் கோர்ஸ் சிக்னல்ஸ் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. மாணவரின் மதிப்பெண், பழைய படிப்பு விவரம், இணையப் பாடத்தில் காட்டும் உழைப்பு எல்லாவற்றையும் கூட்டி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விளக்குப் போட்டுக் காட்டும். இந்த விளக்கு வைத்த பாடங்கள் இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பை விடாமல் தொடர்வது அதிகம் என்று அறிவித்தார்கள், உலகம் முழுக்கப் பேச்சானது. 2013-ல் கல்வித் தொழில்நுட்பம் பற்றி எழுதும் மைக்கேல் கால்ஃபீல்ட் போன்றோர் எளிமையான ஒரு கேள்வி கேட்டார்கள். முதல் வருடமே படிப்பை விட்டுப் போனவருக்கு இரண்டாவது பாடம் எடுக்க வாய்ப்பே இல்லையே, அப்படியானால் விளக்கால் தங்கினார்களா, தங்கியதால் விளக்குகள் கூடினவா? எங்கள் தரவிலும் லாகின் கூடியவருக்கு மதிப்பெண் கூடுதலாகத்தான் இருக்கும். அவர் ஏற்கெனவே படிக்கிற பிள்ளை, அதனால் வருகிறார். வரவைத்தால் படித்துவிடுவார் என்று அதைத் திருப்பிப் போட முடியாது.

சரி, எதைத்தான் பார்ப்பது? பலவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு அடையாளத்தில் வந்து நின்றோம்: தொடர்ந்து இரண்டு வாரம் எதையுமே சமர்ப்பிக்காதவர். லாகின், வீடியோ, பக்கப் பார்வை எதுவும் இந்தக் கணக்கில் சேராது. வெள்ளிக்கிழமை மதியம் இந்தப் பட்டியல் மென்டர்களுக்கு, அதாவது ஒரு குழுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்குப் போகும். எங்களிடம் ஒரு மென்டருக்கு 20 பிள்ளைகள்.

இதைச் செய்ய விலைகொடுத்து எதையும் வாங்க வேண்டாம். மூடுலின் மதிப்பெண் பட்டியலான கிரேடுபுக்கை ஏற்றுமதி செய்து ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் போதும். ஆனால் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. க்விஸ் எழுதாதவருக்கு அந்த ஏற்றுமதியில் ஒரு கோடு விழும். எழுதி ஒன்றும் வராதவருக்குப் பூஜ்ஜியம் விழும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் முயற்சி செய்து தோற்றவனும் வராதவனும் ஒரே கூடையில் விழுந்துவிடுவார்கள். இன்னொன்று, ஆசிரியர் இன்னும் திருத்தாத அசைன்மெண்டுக்கும் அதே கோடுதான் விழும். நேரத்துக்குக் கொடுத்த பிள்ளைக்கு "ஏன் கொடுக்கலை" என்று போன் போனால் அப்புறம் எந்தப் போனையும் அவர் எடுக்கமாட்டார். ஆகவே யார் எதை முடித்தார் என்று காட்டும் ஆக்டிவிட்டி கம்ப்ளீஷன் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்க வேண்டும். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டில் சேருகிறவர்கள், கவுன்சலிங்கின் பிந்தைய சுற்றுகளில் இடம் கிடைத்து வருகிறவர்கள், இவர்கள் பெயருக்கு முன்னால் முதல் சில வாரம் வெறும் கோடுகளாகத்தான் இருக்கும். சேர்ந்த தேதியை ஒரு நெடுவரிசையில் போட்டு அதற்குப் பின்னால் வருவதை மட்டும் எண்ணினால் இந்தத் தொல்லை இல்லை.

கல்லூரி அளவில் ஒன்றும் நடக்கவில்லை, நான் ஒருத்தி மட்டும்தான் என்கிறவர்களுக்கு, மூடுலின் கோர்ஸ் பார்ட்டிசிபேஷன் ரிப்போர்ட் போதும். ஒரு க்விஸைத் தேர்ந்தெடுத்தால் எழுதாதவர்கள் பெயர் வரும். அங்கிருந்தே அவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்பலாம்.

மென்டருக்குப் போகும் பட்டியல் நீளமாக இருக்கக்கூடாது என்பதை அனுபவத்தில்தான் கற்றோம். நாலைந்து பெயர் இருந்தால் போன் போடுவார்கள். பன்னிரண்டு பெயர் இருந்தால் வகுப்புக் குரூப்பில் பொதுவாக ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டு முடித்துக்கொள்வார்கள். அந்த எச்சரிக்கையைப் படித்துப் பதறுவது ஏற்கெனவே எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட பிள்ளைகள்தான். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், யார் அடுத்த அசைன்மெண்டைக் கொடுக்காமல் விடக்கூடும் என்ற கணிப்பை ஆசிரியர்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. அங்கேயும் அதைத் திறந்து பார்க்கும் ஆசிரியர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்ததாக அவர்களுடைய ஆய்வுகளே சொல்கின்றன. கணினி எவ்வளவு சரியாகச் சொன்னால் என்ன, வெள்ளிக்கிழமை மதியம் போனை எடுக்கிறவர் ஒருவர் வேண்டும்.

போனில் முதல் வாக்கியம் முக்கியம். "ஏம்ப்பா லாகின் பண்ணலை?" என்று தொடங்கினால், "நெட் இல்ல மேம்" என்று ஒரே பதில்தான் எல்லாரிடமிருந்தும் வரும். "சாப்டாச்சா? ரெண்டு வாரமா க்விஸ்ல உன் பேரைக் காணோமே, ஏதாச்சும் சிக்கலா?" என்றால் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்ல ஆரம்பிப்பார்கள். கிடைக்கும் காரணங்களில் பாடம் புரியவில்லை என்பது குறைவு. போன் டிஸ்ப்ளே உடைந்து மாற்றப் பணம் இல்லாமல் கிடந்தது ஒருவனுக்கு. இன்னொருவன் ஃபீஸ் கட்டத் திருப்பூரில் பனியன் கம்பெனி நைட் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் பாட்டிக்குத் துணை இருந்தவள் ஒருத்தி. அடிக்கடி வரும் காரணம் இன்னும் சின்னது: பாஸ்வேர்டு மறந்துபோச்சு. ரீசெட் மெயில் கல்லூரி மெயிலுக்குப் போகும், அதன் பாஸ்வேர்டும் மறந்திருக்கும், இதைப் போய் எப்படிக் கேட்பது என்று வெட்கப்பட்டு வாரக்கணக்கில் சும்மா இருந்திருப்பார்கள். அதற்குத் தீர்வு இரண்டு நிமிடம்.

போன் பேசியதில் தெரிந்ததை எவ்வளவு எழுதிவைப்பது என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. இப்போது ஷீட்டில் இரண்டே நெடுவரிசை: பேசியாயிற்றா, அடுத்து யார் என்ன செய்யவேண்டும். வீட்டுக் கஷ்டமும் நோயும் காதலும் அதில் ஏறாது. "கெடு நீட்டிக்க வேண்டும்", "லேப் லேப்டாப் தேவை", "ஆலோசகரைப் பார்க்கவேண்டும்", இவ்வளவுதான்.

இந்தப் பட்டியலில் சிக்காமல் போகிற ஒரு வகை உண்டு. எல்லாப் பக்கமும் திறந்திருக்கும், எல்லா வீடியோவும் பார்த்திருக்கும், எல்லா க்விஸும் எழுதியிருக்கும், மதிப்பெண் மட்டும் வராது. செயல்பாட்டைத் தொகுத்துக் காட்டும் டேஷ்போர்டில் இவர்கள் பச்சையாக மின்னுவார்கள். அப்படி ஒரு மாணவியின் க்விஸ் விடைகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கேள்வியும் தனிப் பக்கத்தில் வந்தால், எந்த விடை எந்த நேரத்தில் சேமிக்கப்பட்டது என்று ரெஸ்பான்ஸ் ஹிஸ்டரியில் தெரியும். நிரலை மட்டும் கொடுத்து "என்ன அச்சாகும்?" என்று கேட்ட கேள்விகளை மளமளவென்று சரியாகப் போட்டிருந்தாள். நான்கு வரி ஆங்கிலத்தில் சூழ்நிலையை விவரித்துக் கேட்ட கேள்விகளில் நிமிடக்கணக்கில் நின்று, கடைசிக் கேள்விகளுக்கு நேரமில்லாமல் விட்டிருந்தாள். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள். புரோகிராமிங் அவளுக்கு வந்துவிட்டது; கேள்வித்தாளின் ஆங்கிலம்தான் வரவில்லை. கேள்விகளைச் சுருக்கினோம், நேர வரம்பைக் கூட்டினோம், ஒவ்வொரு யூனிட்டுக்கும் தமிழில் பேசிய ஆடியோ ஒன்று ஏற்றினோம். அந்த ஆடியோவை ஆங்கிலவழியில் படித்தவர்களும் விடாமல் கேட்டார்கள் என்பதும் லாகில் தெரிந்தது.

இங்கிருந்துதான் எனக்கு உண்மையில் பிடித்த பகுதி ஆரம்பிக்கிறது. க்விஸ் முடிந்ததும் அதன் ரிசல்ட்ஸ் பக்கத்தில் ஸ்டேடிஸ்டிக்ஸ் என்று ஒன்று இருக்கும். பெரும்பாலான ஆசிரியர்கள் அதைத் திறப்பதே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். முதலாவது, ஃபெசிலிட்டி இன்டெக்ஸ்: எத்தனை சதவீதம் பேருக்குச் சரியாக வந்தது என்பது. 95 என்றால் அந்தக் கேள்வி யாரையும் சோதிக்கவில்லை. நான்கு விருப்பம் உள்ள கேள்வியில் 25 பக்கம் வந்தால் வகுப்பே குருட்டாம்போக்கில் அடித்திருக்கிறது. இரண்டாவது, டிஸ்கிரிமினேஷன்: மற்ற கேள்விகளில் நன்றாக எழுதியவர்கள் இந்தக் கேள்வியிலும் நன்றாக எழுதினார்களா என்பது. இது கணினிக்கு முந்தைய யோசனை. தாளில் தேர்வு வைத்த காலத்திலேயே மேல் 27 சதவீதத்தையும் கீழ் 27 சதவீதத்தையும் பிரித்து ஒப்பிடலாம் என்று புள்ளியியலாளர் ட்ரூமன் கெல்லி 1939-ல் காட்டிவிட்டார். கையால் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மூடுல் உடனே தருகிறது.

டிஸ்கிரிமினேஷன் எதிர்மறையில் போனால் அந்தக் கேள்வியைச் சந்தேகப்படுங்கள், பிள்ளைகளை அல்ல. எங்கள் துறையின் பொது வினா வங்கியில் சி மொழிக் கேள்வி ஒன்று இருந்தது. ஒரே கூற்றில் ஐ என்ற மாறியை இரண்டு இடத்தில் ப்ளஸ் ப்ளஸ் (மதிப்பை ஒன்று உயர்த்தும் குறி) போட்டுக் கூட்டி, மதிப்பு என்ன என்று கேட்கும். கைடுகளில் காலங்காலமாக வரும் கேள்வி. அதில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் தவறியிருந்தார்கள், சுமாரானவர்கள் சரியாகப் போட்டிருந்தார்கள். காரணம் என்னவென்றால், சி மொழியின் விதிப்படி அந்தக் கூற்றுக்கு வரையறுத்த மதிப்பே கிடையாது. நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலருக்குக் கம்பைலர் மாறும். தானே ஓட்டிப் பார்த்த பிள்ளைக்கு ஒரு விடை வந்திருக்கிறது, கைடை மனப்பாடம் செய்தவனுக்கு இன்னொன்று. மனப்பாடத்துக்கு மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் கேள்வி எத்தனை பேட்சைத் தாண்டி வந்ததோ! நீக்கிவிட்டோம், எல்லாருக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்தோம்.

தவறான விடைகளும் பேசும். ஒரு அரேயை (மதிப்புகளின் வரிசையை) ஃபங்ஷனுக்கு அனுப்பி, உள்ளே அளவைக் கேட்கும் சைஸ்ஆஃப் போட்டால் என்ன வரும் என்று கேட்டேன். பாதிக்கு மேல் ஒரே தவறான விருப்பத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்: முழு அரேயின் அளவு. உள்ளே போவது பாய்ன்டர், அதாவது அரே இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான், அதன் அளவுதான் வரும். தவறு நான்கு பக்கமும் சிதறியிருந்தால் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லாரும் ஒரே இடத்தில் தவறினால் அவர்கள் படித்துத்தான் வந்திருக்கிறார்கள், நாம் சொல்லிக்கொடுத்ததில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. அடுத்த வகுப்பில் முதல் பத்து நிமிடம் போர்டில் நினைவகப் பெட்டிகளை வரைந்ததோடு அது தீர்ந்தது. இப்போதெல்லாம் க்விஸை வகுப்புக்கு முந்தைய இரவே முடியும்படி வைக்கிறேன். காலையில் காபி குடிக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனால் எதைத் திரும்பச் சொல்லவேண்டும் என்று தெரிந்திருக்கும்.

வீடியோவும் அப்படித்தான். ஊரடங்கில் 50 நிமிட வகுப்பை அப்படியே பதிவுசெய்து யூடியூபில் அன்லிஸ்டடாக (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) போட்டு மூடுலில் இணைத்தோம். யார் பார்த்தார்கள் என்று யூடியூப் சொல்லாது. எனக்கு அதுவே நல்லதாகப் பட்டது. வீடியோவின் எந்த நொடியில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்ற வரைபடத்தைக் காட்டும். அதில் பள்ளம் வரும் இடம் சலிப்பு, மேடு எழும் இடம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த இடம். என் வீடியோவில், தரவுகளைச் சங்கிலியாகக் கோக்கும் லிங்க்டு லிஸ்டில் நடுவே ஒரு நோடை, அதாவது ஒரு கண்ணியைச் சேர்க்கும் இடத்தில் மேடு எழுந்திருந்தது. அருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்று பெருமைப்படும் இடம் அது. உண்மையில் யாருக்கும் ஒரே தடவையில் புரியவில்லை. எடெக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்த்த பதிவுகளை அலசிய 2014 ஆய்வு ஒன்று, வீடியோ எவ்வளவு நீளமானாலும் பார்வையாளர்கள் நிற்கும் இடைநிலை (மீடியன்) நேரம் 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது. எங்கள் வரைபடமும் அதற்குச் சாட்சி சொல்வது போலத்தான் சரிந்தது. வீடியோக்களை வெட்டினோம்; வருகைப் பதிவும் "சத்தம் கேக்குதா?"வும் போன பிறகு 50 நிமிடத்தில் மிஞ்சியது பாதிகூட இல்லை.

க்விஸ் மதிப்பெண் கணக்கில், ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் இணையப் படிப்பான என்பிடெல்லின் முறையைக் கடன் வாங்கினோம். அங்கே 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மெண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நாமும் அப்படித் தளர்வு வைத்தால், ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவன் லீவ் லெட்டரோடு நம் வாசலில் நிற்கவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைப் பட்டியலும் சுருங்குகிறது.

ஆசிரியர்கள் பக்கம் வருகிறேன். அவர்களுக்கு மிகவும் உதவிய பட்டியல், பாடங்கள் எல்லாவற்றின் கெடுக்களையும் ஒரே காலண்டரில் போட்டுப் பார்த்தது. ஐந்து பாடத்தின் அசைன்மெண்டுகளும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுவது ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் பாடத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். இப்போது செமஸ்டர் தொடக்கத்தில் துறைக் குரூப்பில், "சார், நீங்க புதன்கிழமை எடுத்துக்கோங்க, நான் சனிக்கு மாத்திக்கிறேன்" என்று பேசி முடித்துக்கொள்கிறோம். திருத்தாமல் கிடக்கும் அசைன்மெண்டுகளின் பட்டியலும் நல்லதுதான், அது அந்த ஆசிரியருக்கு மட்டும் போகும்வரை. நிர்வாகத்திலிருந்து ஒருமுறை ஆசிரியர்களை மூடுல் நேரப்படி வரிசைப்படுத்திக் கேட்டார்கள். மேலே சொன்ன ஹாஸ்டல் கதைதான் ஸ்டாஃப் ரூமிலும் நடக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். திட்டம் அத்தோடு நின்றது.

பெற்றோருக்குத் தானாக எஸ்எம்எஸ் போகட்டும் என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. உங்கள் மகள் இரண்டு வாரமாக இணையப் பாடத்துக்கு வரவில்லை என்று ஒரு செய்தி போனால் சில வீடுகளில் அக்கறையாக விசாரிப்பார்கள். சில வீடுகளில் போனைப் பிடுங்குவார்கள், படிப்பைப் பிடுங்க அதுவே சாக்காகவும் ஆகும். இரவு 12:40-க்கு அவள் ஆன்லைனில் இருந்தாள் என்பது டேட்டா விஷயம் என்று அந்த அப்பாவுக்கு யார் விளக்குவது? முதலாண்டில் சேரும்போது பலருக்கு 17 வயதுதான். 2023-ம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லாரும் குழந்தைகள். கண்காணிப்பு என்று வந்தால் அந்தச் சட்டத்தில் அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. எதைப் பார்க்கிறோம், எதற்கு, யார் பார்ப்பார்கள் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கத்தில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுகிறோம். பிரிட்டன் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2014-ல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியும் தரவை மட்டும் வைத்து ஒரு மாணவர் இன்னார் என்று தீர்மானித்துவிடக்கூடாது என்பது அதில் ஒன்று. எங்கள் பக்கத்திலும் அதைச் சேர்த்திருக்கிறோம். மாணவர் தன் பதிவைத் தான் பார்க்கலாம். வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதை அதிலிருந்து எடுத்துவிட்டோம். கீழே இருக்கிறவனுக்கு அந்த எண்ணால் ஒரு உபயோகமும் இல்லை.

கணிப்பு மாடல்கள் பற்றிக் கேட்கிறார்கள். மூடுலிலேயே 2017-ல் வந்த 3.4 பதிப்பிலிருந்து, படிப்பை விடக்கூடியவரை முன்கூட்டிச் சொல்லும் மாடல் ஒன்று இருக்கிறது. ஓட்டிப் பார்த்தோம். தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் சரியாகப் போட்ட, முடிந்துபோன பாடங்கள் அதற்குத் தீனியாக வேண்டும். எங்கள் வழக்கமோ, ஒவ்வொரு ஆண்டும் அதே பாடப் பக்கத்தை ரீசெட் செய்து புது பேட்சை ஏற்றுவது. பழைய பேட்சின் சமர்ப்பிப்புகள் எதுவும் மிச்சமில்லை, மாடல் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. எதிர்காலத்தில் இதில் இறங்க எண்ணமிருந்தால் இன்றைக்கே ரீசெட்டை நிறுத்திவிட்டு ஆண்டுக்கு ஒரு புதுப் பிரதி எடுங்கள், முடிவுத் தேதி போடுங்கள். செலவில்லாத வேலை.

போன செமஸ்டர் கடைசியில் ஒரு நிறுவனம் செயற்கை நுண்ணறிவு டேஷ்போர்டு ஒன்றை டெமோ காட்ட வந்தது. அரியர் வைக்கப்போகிறவர்களை மூன்றாவது வாரத்திலேயே சொல்லிவிடும் என்றார்கள். நான் மூன்று கேள்வி கேட்டேன். எந்தக் கல்லூரித் தரவில் இது கற்றுக்கொண்டது, அங்கே பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் நோட்ஸ் பகிர்வார்களா? ஒருவரைச் சிவப்பில் காட்டினால் அதற்குக் காரணம் என்ன என்று மென்டருக்குச் சொல்லுமா? பிள்ளை கல்லூரியை விட்டுப் போனபின் அந்தத் தரவு உங்களிடம் எத்தனை நாள் இருக்கும்? கடைசிக் கேள்விக்கு மட்டும், ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் வந்தவர். மற்ற இரண்டுக்கும் மெயிலில் பதில் அனுப்புவதாகச் சொல்லிப் போனார். கொட்டேஷன் மறுநாளே வந்துவிட்டது. பதிலுக்கு இன்னும் காத்திருக்கிறோம்.